யாக்கோபு வீட்டு இச்சி, நி, சான்

"இச்சி, நி, சான், ஷி! கை நல்லா மேல போவணும்!" யாக்கோபு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் நின்று கத்துவார். எதிரே மனைவி ரத்னா, மகள் இசைவாணி, மகன் சாம்சன். நான்கு பேரும் கையைத் தூக்குவார்கள், குனிவார்கள், குதிப்பார்கள். ரத்னா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருப்பாள். எதிர்வீட்டில் குடியிருந்த நான் காப்பி டம்ளரோடு வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். 1991-இல் சுங்குவார்சத்திரத்தில் இதைவிட நல்ல வேடிக்கை எதுவும் கிடையாது.

அப்போது சுற்றிலும் வயல்தான், கம்பெனிகள் ஒன்றிரண்டு. யாக்கோபு வேலை பார்த்தது ஜப்பான்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து நடந்த ஒரு பம்ப் கம்பெனியில். அங்கே லைன் ஓடத் தொடங்கும் முன் எல்லாரும் வரிசையில் நின்று உடற்பயிற்சி செய்ய வேண்டும். ஒலிபெருக்கியில் ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்கு இச்சி, நி, சான் என்று ஜப்பானிய எண்ணிக்கை ஓடும். மற்றவர்கள் அதைத் தண்டனையாக நினைத்து, சூப்பர்வைசர் தலை திரும்பினால் கையைத் தொங்கப் போட்டுவிடுவார்கள். இவர் ஒருவர்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர். "கம்பெனில சோப்பு குட்க்கறான், டவலு குட்க்கறான். இது ஒண்ணுதான் புள்ளைங்களுக்கும் ஆவுது" என்பார்.

வீட்டுப் பயிற்சி காலை ஷிஃப்டு வாரத்தில் சாயங்காலம், மற்ற வாரங்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும் முன். ஓ.டி. பார்த்துக் களைத்து வந்தாலும் விடமாட்டார். யாராவது தப்புச் செய்தால் திட்டு கிடையாது. மற்ற மூன்று பேரும் அந்தத் தப்பையே செய்ய வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். அதனால் சாம்சன் வேண்டுமென்றே கோணல்மாணலாகக் காலை உதறுவான். அத்தனை பேரும் உதறுவார்கள். கடைசியில் விரலை நீட்டி, "சேஃப்டி ஃபர்ஸ்ட்!" என்று கூவி முடிப்பார்கள். எதற்கு என்று கேட்டால், "கம்பெனில அப்டித்தான் முடிப்பாங்கோ" என்பார். வேறு காரணம் அவருக்குத் தேவைப்படவில்லை.

இதில் உயிரையே வைத்திருந்தவள் இசைவாணிதான். அவள் சிரித்தால் தெருக்கோடி டீக்கடைக்குக் கேட்கும். அந்த ஆண்டு அவள் பெரியவளானாள். மஞ்சள் நீராட்டுக்கு வாலாஜாபாத்திலிருந்து வந்த யாக்கோபின் அக்கா கிளியம்மாள், சடங்கு முடிந்தும் ஊருக்குப் போகாமல் உத்தரவு போட உட்கார்ந்துவிட்டாள்.

"வயசுக்கு வந்த பொண்ணு தெருவுல குதிச்சிக்கினு இருந்தா பாக்குறவன் இன்னா சொல்லுவான்? இத்தோட நிறுத்து."

தாயில்லாத யாக்கோபைத் தூக்கி வளர்த்தவள் அந்த அக்கா. "சரிக்கா" என்றார், அவ்வளவுதான். மறுநாள் சாம்சனை மட்டும் கூப்பிட்டுப் பார்த்தார். இசைவாணி அக்கா இல்லாமல் வரமாட்டேன் என்று அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தப் பெண்ணின் சிரிப்பு இத்தோடு போய்விடுமோ என்று எனக்கே பயமாக இருந்தது. யாக்கோபுக்கும் அதே பயம்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்த வாரம் சனிக்கிழமை காலை கட்டிலைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அடுத்து டிரங்குப் பெட்டி, அரிசி டிரம், மடக்கு நாற்காலி. ஒற்றை அறை வீடு. கொஞ்ச நேரத்தில் சாமான் முழுக்கத் தெருவுக்கு வந்துவிட்டது. கிளியம்மாள் பதறினாள். "இன்னாடா, வூட்டைக் காலி பண்றியா?"

"தெருவுலதானேக்கா குதிக்கக் கூடாதுன்னே? உள்ள குதிச்சா எவன் பாக்கப்போறான்? நீ அந்தக் கட்டில்ல குந்து."

கிளியம்மாள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள்.

இன்று நினைத்தாலும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. காலியான அறைக்குள் நான்கு பேரும் போய் நின்றார்கள்; நான் எழுந்து நின்றே பார்த்தேன். சிமெண்ட் ஷீட் போட்ட தாழ்வான கூரை. யாக்கோபு ஆறடி ஆள். முதல் எண்ணிக்கையிலேயே கை இடித்தது. உள்ளே சிரிப்பு வெடித்தது, இசைவாணியின் சிரிப்பு. யாக்கோபு விரல்களைத் தடவிக்கொண்டார். பிறகு மகளுக்கு எதிரே தரையில் மண்டி போட்டு, இரண்டு கைகளையும் முழுசாக மேலே தூக்கினார்.