நோ போல் வால்டரும் என் கொரோனா வேலையும்

1. முதல் பந்து

கொரோனாக் காலத்தில் மெல்பேர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை கிடைத்தது. நேர்முகத்தில் ஒரே கேள்விதான். "அண்ணா, நாளைக்கே வர முடியுமா?" கேட்டவர் மனேஜர் சுந்தர், கோயம்புத்தூர்க்காரர். உள்ளே வர ஆளில்லாத நேரத்தில் என் திறமை அவருக்கு அப்படிப் பளிச்சென்று தெரிந்திருக்கிறது.

முதல் நாள் மதியச் சாப்பாட்டில் ஒரு பணிஸ் ரொட்டி என் காதை உரசிப் போய் மூலைக் குப்பைவாளிக்குள் விழுந்தது. எறிந்தவர் வால்டர், தொண்ணூறு தாண்டிய அமெரிக்கர், மெல்பேர்ன் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். நான் ஞாயிறுகளில் இங்குள்ள இலங்கைத் தமிழரின் கிரிக்கெட்டுக்கு அம்பயர். அவர் முழங்கை மடங்கியதைக் கண்டதும் பழக்கதோஷத்தில், பிழையான பந்துக்குக் காட்டுவதுபோல் கையைப் பக்கவாட்டில் நீட்டி, "நோ போல்!" என்று கத்திவிட்டேன்.

"இது கிரிக்கெட் இல்லையடாப்பா," என்றார். அவர் ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன். "நான் பேஸ்போல் பிட்சர். சம்பளத்துக்குப் பந்து எறிஞ்சனான்."

இரண்டாம் உலக யுத்தத்தில் நல்ல ஆட்டக்காரரெல்லாம் படைக்குப் போய்விட்டார்கள். ஒரு காது கேளாததால் படை வேண்டாமென்று ஒதுக்கிய வால்டரை ஒரு பேஸ்போல் அணி எடுத்துக்கொண்டது. "கை இருந்தாப் போதும் எண்டாங்கள். எனக்கு ரெண்டு இருந்தது." யுத்தம் முடிந்து போனவர்கள் திரும்பியதும், அணி மனேஜர் அன்போடு கை குலுக்கித் தொப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டாராம்.

2. பிஹேவியர்

பணிஸ் பறப்பது தொடர்ந்தது. சுந்தர் அவரைப் பூட்டுப் போட்ட டிமென்ஷியா பகுதிக்கு மாற்ற முடிவெடுத்தார்.

"மறதி முத்திடுச்சுண்ணா. பேஸ்பால் பிளேயராம்! அடுத்த வாரம் நிலாவுக்குப் போனேம்பாரு."

"தம்பி, என்ர பிள்ளையளின்ர பேர்கூட அவருக்கு ஞாபகம்."

"ரூம் ரெடிண்ணா."

வால்டருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "அங்க போனவை ஒருத்தரும் திரும்பி வந்து நான் காணேல்லை," என்றார். அன்று பணிஸ் அவர் கையிலேயே இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு நுட்பம் உண்டு. முதியவர் தானாகச் செய்தால் அது பிஹேவியர், அதாவது குணக்கோளாறு. அதையே நேரம் குறித்துச் சுவரில் ஒட்டினால் ஆக்டிவிட்டி. வாராந்த ஆக்டிவிட்டி அட்டவணையில் பிங்கோவுக்குக் கீழே "பேஸ்போல், காலை பத்து மணி, புல்தரை" என்று எழுதினேன். வேலியில் பழைய மெத்தையைக் கட்டினேன். பணிஸுக்குப் பதில் டெனிஸ் பந்து.

தரம் பார்க்க வந்த அதிகாரிகள் பார்த்து அசந்துபோனார்கள். இது தன்னுடைய நீண்டநாள் கனவு என்று சுந்தர் கூச்சமில்லாமல் சொன்னார். பூட்டிய அறைப் பேச்சு அதோடு நின்றது. வால்டரின் ஞாபகசக்தியும் ஒரே நாளில் திரும்பிவிட்டது, மருத்துவ உலகம் கவனிக்கவேண்டிய அதிசயம்.

3. தொப்பி

கொரோனா ஓய்ந்தது, வேலைக்கு ஆட்கள் திரும்பினார்கள். ஒரு நாள் சுந்தர் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"நீங்க இல்லேன்னா நாங்க இல்லண்ணா. நாளைலேர்ந்து ஷிஃப்ட் இல்ல."

பெயர் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புல்தரைக்குப் போனேன். அட்டையில்லாத என் சட்டையை வால்டர் பார்த்தார்.

"மனேஜர் கை குலுக்கினவனோ?"

"ஓம்."

அவர் பந்தை நீட்டினார். வந்த கோபத்துக்கு ஓங்கி எறிந்தேன். அது மெத்தையை விட்டு, வேலியையும் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போனது.

வால்டர் கையைப் பக்கவாட்டில் நீட்டி, "நோ போல்!" என்றார்.

மெத்தை இன்னும் வேலியில்தான் இருக்கிறது. பத்து மணிக்கு அவர் எறிகிறார், எனக்கு அது போதும். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, மனேஜர் திட்டினால் பயப்படாதீர்கள், வேலை இருக்கிறது. கை குலுக்க வந்தால் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துவையுங்கள்.