வெள்ளையாக ஒன்று

"கட்டைவிரலால சுண்டுவிரலைத் தொடுங்க. தொட்டாச்சா? அப்படியே மணிக்கட்டை மடக்குங்க."

பூட்டு ரிப்பேர்காரர் மடக்கினார். "என்ன சிஸ்டர், கைரேகையா? வெளிநாட்டு யோகம் இருக்கா பாருங்க."

"முதல்ல நாண் இருக்கான்னு பாக்குறேன்."

அறுவை அரங்கில் அந்த நர்ஸுக்குப் பெயர் பேனா சிஸ்டர். தொப்பிக்குள் செருகிய ஊதா மார்க்கர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கேன்டீனில் டீ வாங்கும்போதும் நீட்டுகிறவரின் மணிக்கட்டுக்குத்தான் கண் போகும். பெரும்பாலோருக்கு அங்கே நடுவில் கயிறு போல ஒன்று விடைத்து நிற்கும். முன்கைத் தசை ஒன்றின் நாண், டாக்டர்கள் டெண்டன் என்பது. சிலருக்கு அந்தத் தசையே பிறவியில் கிடையாது. சில நாட்டு மக்களில் நூற்றுக்கு நாலைந்து பேர் அப்படி, சில நாடுகளில் நாலில் ஒருவர். இல்லாததால் பிடி தளர்வதும் இல்லை. அதனால்தான் வேறெங்காவது நாண் அறுந்தால் ஒட்டுப்போட முதலில் இதை எடுக்கிறார்கள். பூட்டுக்காரருக்கு அறுந்திருந்தது கட்டைவிரலை நிமிர்த்தும் நாண்; மடக்க வரும், நிமிர்த்த வராது.

இதை "உபரி நரம்பு" என்று யாராவது சொன்னால் சிஸ்டருக்குப் பொறுக்காது. "நரம்பு வேற, நாண் வேற. நரம்பு உணர்றதுக்கு, நாண் இழுக்குறதுக்கு. வாயில வர்றதைச் சொல்லாதீங்க."

கண்ணாடி அறுக்கும் தொழில் செய்த சிஸ்டரின் அப்பாவுக்கு விரல் நாண் அறுந்தபோது, டாக்டர்கள் அப்படித்தான் சொன்னார்கள். "உபரியா ஒரு நரம்பு இருக்கு, எடுத்து ஒட்டிடுவோம்." அப்பாவுக்கு அந்த நாண் இல்லை. யாரும் மடக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. உள்ளே வெள்ளையாக ஓடியதை அறுத்து எடுத்தார்கள். சொன்ன சொல் பலித்துவிட்டது, அது நரம்பேதான். அதன்பின் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றுக்கும் உணர்ச்சி இல்லை. சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்த்தே போட்டார். போன மாதம், கடைசிப் படுக்கையில், மகள் பிடித்திருந்தது அவருடைய சுண்டுவிரலை. மகளின் கை அதற்குத்தான் தெரியும்.

பூட்டுக்காரரின் மணிக்கட்டு மழமழவென்று கிடந்தது. சிஸ்டர் அதன்மேல் பெரிதாக 'இல்லை' என்று எழுதினார்.

இளம் டாக்டர் எட்டிப் பார்த்தார். "கையெழுத்துப் பழகுறீங்களா சிஸ்டர்? திறந்தா தெரிஞ்சிடப் போகுது."

"திறந்தா வெள்ளையா ஒண்ணு தெரியும் டாக்டர். அது எதுங்கிறதுதான் கேள்வி."

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். தாமே இரண்டு முறை மடக்கச் சொல்லித் தடவிப் பார்த்தார். "சரி. ஒட்டுப்போட கால்ல இருந்து நாண் எடுத்துக்கலாம்."

"என் பொழப்பே விரல் நுனியிலதான் சார்," என்றார் பூட்டுக்காரர். இப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை.

மயக்கம் தெளிந்தபோது சிஸ்டர் பக்கத்தில் நின்றார். விரல்கள் கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"கண்ணை மூடுங்க. இது எந்த விரல்?"

"கட்டைவிரல்."

"இது?"

"ஆள்காட்டி."

"இது?"

"நடுவிரல். பாஸா சிஸ்டர்?"

சிஸ்டர் தலையாட்டினார். கண் மூடியிருந்தவருக்கு அது தெரியவில்லை.

"சொல்லுங்க சிஸ்டர். பாஸ்னா கையை விடுங்க."

மூன்று விரல்களையும் சேர்த்துப் பிடித்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார்.