சுனாமி சார்ட்டும் கறுப்பு பிளேட்டும்

சார்ட் அச்சடிக்கிற தொழிலில் எங்கே தப்பு நடந்தாலும் அது கடைசியில் மிஷின்மேன் தலையில்தான் வந்து விடியும். என் தலையில் முதலில் கொண்டுவந்து வைத்தவர் எங்கள் ஆர்ட்டிஸ்ட் தங்கதுரை. சிவகாசியில் மிஷின் பக்கம் நின்று மை கழுவிய எல்லோருக்கும் ஒரு தங்கதுரை உண்டு. உங்களுக்கும் இருப்பார்.

கிளையில் காய்த்த கடலை

பள்ளிக்கூடங்களுக்குத் தாவரங்கள் சார்ட் போட்டோம். தங்கதுரை வரைந்த நிலக்கடலைச் செடியில் கடலை மிளகாய் மாதிரி கிளையில் தொங்கியது. நான் மல்லாங்கிணற்றுக்காரன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் கடலை பிடுங்கியவன். "கடலை மண்ணுக்குள்ளதான காய்க்கும்" என்றேன். "ஏலே முத்தையா, அஞ்சாப்பு படிச்சவன் மைய ஊத்து. படம் பாக்க நான் இருக்கேன்" என்றார், எல்லோர் முன்னாலும்.

கடைக்குப் போன சார்ட் கட்டெல்லாம் திரும்பி வந்தது. விருதுநகர்க் கடைக்காரர் தாமே தூக்கிக்கொண்டு வந்தார். தங்கதுரை என்னைக் கைகாட்டி, "மிஷின்ல கோளாறுண்ணே" என்றார். கடைக்காரர் என்னையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்: "ஏன் தம்பி, மண்ணுக்குள்ள கெடந்த கடலையப் பிடுங்கிக் கிளையில மாட்டுற அளவுக்கு மிஷினு வந்துருச்சா?"

கிணறும் கடலும்

தூத்துக்குடிப் பக்கம் கடலோரப் பள்ளிகளுக்கு சுனாமி சார்ட் வேண்டுமென்று ஜெசி டீச்சர் வந்தார். சார்ட்டில் இரண்டு வரிசைப் படம். மேல்வரிசையில் தூரத்துக் கடலில் பூகம்பம். அலை வந்து சேர நேரமாகும், அதற்குள் எச்சரிக்கை வந்துவிடும். கீழ்வரிசை வேறு. கரைக்குப் பக்கத்தில் தரை ஆடும்போது கடலுக்கடியில் சரிவாகக் கிடக்கும் மண்ணும் சேறும் பிடி விட்டு இறங்கும். இறங்குகிற வேகத்தில் தண்ணீரைத் தள்ளும். அந்த அலை தூரம் போனால் அடங்கிவிடும், கிட்டத்துக் கரைக்குச் சில நிமிஷத்தில் வந்துவிடும். எச்சரிக்கைச் சங்கு ஊத நேரமிருக்காது.

எனக்கு எங்கள் தோட்டத்துக் கிணறு ஞாபகம் வந்தது. பக்கத்துக் குவாரியில் வெடி வைத்தார்கள். தரை அதிர்ந்து கிழக்குக் கரை அப்படியே கிணற்றுக்குள் சரிந்தது. எதிர்ப்பக்கப் படியில் துணி அலசிக்கொண்டிருந்த என் மதினியைத் தண்ணீர் எழும்பி அடித்தது. வாளி போனது, மதினி படிக்கல்லைப் பிடித்துத் தப்பித்தாள். இதைச் சொன்னதும் டீச்சர் சிரித்தார்: "உங்க கிணத்துல மண்ணு மேல இருந்து விழுந்துச்சு அண்ணாச்சி, கடல்ல அடியிலயே சரியும். மத்ததெல்லாம் ஒண்ணுதான்."

கடைசியில் வரும் எழுத்து

எங்கள் மிஷினில் படத்தின் வண்ணங்கள் முதலில் ஓடும். எழுத்து, கறுப்பு மைக்கான தகடான கறுப்பு பிளேட்டில் கடைசியாக வரும். அதனால் கறுப்பு ஏறும்வரை சார்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று மிஷின்மேனுக்குத் தெரியாது. முதல் தாளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வரிசையிலும் கடைசிக் கட்டத்தில் ஒரே வாசகம்: 'சங்கு ஊதியதும் மேட்டுக்குச் செல்லுங்கள்.' பழைய சார்ட்டிலிருந்து எடுத்து இரண்டுக்கும் ஒட்டியிருந்தார் தங்கதுரை.

மிஷினை நிறுத்தினேன். "சாயங்காலம் லோடு ஏறணும். யாரைக் கேட்டுலே நிறுத்துன?" என்று தங்கதுரை வந்தார். "கீழ்வரிசையில சங்கு ஊதாது. இதைப் படிச்ச புள்ளைக சங்குக்காக நின்னுகிட்டே இருக்கும்" என்றேன். "ஓகோ, கடலுக்கும் நீதான் வாத்தியாரா?" என்றார். சத்தம் கேட்டு முதலாளி வந்தார். நிறுத்தியது யார் என்றெல்லாம் சொல்லாமல், வாசகத்தை மட்டும் டீச்சருக்குப் போனில் படித்துக் காட்டினார். டீச்சர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது: "சார், எங்க பள்ளிக்கூடத்துக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு ரோடுதான் இருக்கு. ஒரு தாள் கூட அப்படி வரக்கூடாது."

பாராட்டு

கறுப்பும் ஏறிவிட்ட சில தாள்களைக் கிழித்தோம். வண்ணம் மட்டும் ஓடிய மற்ற தாள்களுக்குச் சேதமில்லை, கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினோம். கீழ்வரிசையில் இப்போது, 'தரை பலமாக ஆடினால் உடனே மேட்டுக்கு ஓடு. சங்குக்காக நிற்காதே' என்று வந்தது. மூலையில் வழக்கம்போல 'படம்: தங்கதுரை.'

லோடு எடுக்க வந்த டீச்சர் மூலையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு நேரே அவரிடம் போனார். "நல்லவேளை, நீங்க கவனிச்சீங்க சார். எம்புட்டுப் புள்ளைகளுக்கான விஷயம்!" என்றார். நான் மை துடைக்கிற துணியோடு நாலடி தள்ளித்தான் நின்றேன். தங்கதுரை என்னைப் பார்த்தார். இப்போதாவது சொல்வார் என்று துணியைக் கீழே வைத்தேன். அவர் டீச்சர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்: "எல்லாம் அனுபவந்தான் டீச்சர்."

அந்த சார்ட் இன்று கடலோரப் பள்ளிச் சுவர்களில் தொங்குகிறது. 'நீ சொன்னது சரி முத்தையா' என்று தங்கதுரை எனக்குச் சொல்ல வேண்டிய ஒரு வரி மட்டும் இன்னும் எந்த பிளேட்டிலும் ஏறவில்லை.