வெள்ளைச் சட்டைக்காரரின் முதுகு

காமிரா வாங்குவது என்று முடிவானதும் நான் செய்த தவறு, அதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது. லென்ஸைக் கழற்றி மாற்றுகிற காமிராவில் தூசி உள்ளே போய் சென்சாரில் ஒட்டிக்கொள்ளுமாம். அதன்பின் எடுக்கிற படத்திலெல்லாம் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி விழுமாம். எங்கள் வீடோ பாறசாலையில் லாரி ஓடும் சாலையோரம். காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். மூன்று வாரம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதுகூட எனக்கு வேறு நினைப்பே இல்லை.

"மைனி, கட்டுறதுக்கு முன்ன எங்க அண்ணனைப் பத்தி நீங்க இதுல பாதி விசாரிச்சிருப்பியளா?" என்றாள் என் நாத்தனார்.

விசாரிக்கவில்லைதான்.

காட்டாக்கடையில் ஒரு ஸ்டுடியோக்காரர் தன்னுடைய பழைய காமிராவை விற்கிறார் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். சனிக்கிழமை அவளுடைய ஸ்கூட்டரில் போனோம். காமிராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். படித்த சோதனையைச் செய்ய வேண்டும். லென்ஸின் துவாரத்தை இருபத்திரண்டு என்ற மிகச் சிறிய அளவுக்குச் சுருக்கி, வெறும் வெள்ளையைப் படம் எடுத்தால் தூசி இருப்பது தெரிந்துவிடும்.

வெள்ளைக்கு எங்கே போவது? ஸ்டுடியோச் சுவரெல்லாம் கல்யாண ஜோடிகள். எதிர்ச் சுவரில் போஸ்டர். வானத்தில் திட்டுத்திட்டாக மழைமேகம்.

அப்போது பஸ் நிறுத்தத்தில் ஒருவர் நின்றிருந்தார். அகன்ற முதுகு, அதில் பளபளவென்று வெள்ளைச் சட்டை. நான் தடுப்பதற்குள் நாத்தனார் சாலையைக் கடந்துவிட்டாள்.

"அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சீப்பை எடுத்துத் தலை வாரினார். மீசையைத் தடவிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"திரும்பி நில்லுங்க. முதுகு போதும்."

"எந்தா, முகம் வேண்டே?"

"தூசி பாக்கியதுக்காக்கும் அண்ணா."

அவருக்கு என்ன புரிந்ததோ, பாவம், திரும்பிக்கொண்டார். நான் அருகில் போய் முதுகு மட்டும் தெரியும்படி ஒன்று எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று புள்ளி! அவரை ஓரடி நகரச் சொல்லி இன்னொன்று எடுத்தேன். இரண்டு புள்ளி அவரோடு நகர்ந்துவிட்டது. மேல் மூலையில் இருந்த ஒன்று அசையவே இல்லை.

"ரெண்டு அவருக்க சட்டையில உள்ளது, ஒண்ணு நமக்குள்ளது" என்றாள் நாத்தனார்.

"எனக்க சட்டையிலயா?" மலையாளம் பேசிக்கொண்டிருந்தவர் பதற்றத்தில் எங்கள் தமிழுக்கே வந்துவிட்டார். "அய்யோ, நான் கல்யாணத்துக்குப் போற ஆளாக்கும்!" முதுகைப் பார்க்க அவர் தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்தார். சாயாக் கறை. நாத்தனார் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தாள். அவருக்குக் கூச்சத்தில் தோள் குலுங்கியது, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஸ்டுடியோக்காரர் எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்தார். பிறகு காமிராவை வாங்கி, லென்ஸைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடித்து, காற்றூதும் ரப்பர் பந்தை உள்ளே காட்டி இரண்டு தடவை அமுக்கினார். புஸ், புஸ்.

"இனி எடுத்துப் பாருங்க, டீச்சர்."

ஈர முதுகை இன்னொரு முறை எடுத்தேன். புள்ளி போய்விட்டது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். பின்னயும் வரும், பின்னயும் ஊதணும்."

மூன்று வாரக் கவலை இரண்டு புஸ்ஸில் போய்விட்டது. பேரம் பேசக்கூடத் தோன்றாமல் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன். வெள்ளைச் சட்டைக்காரர் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தார். ஆனாலும் முகத்தை ஒரு படம் எடுக்கும்வரை நகர மாட்டேன் என்றார். எடுத்தேன். அடுத்த பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியே கையசைத்தபடியே போனார்.

திரும்பும் வழியில் நெய்யாற்றுப் பாலத்தில் இறங்கி நாத்தனாரை ஐம்பது படமாவது எடுத்திருப்பேன். ஆற்றோடு அவள், ஹெல்மெட்டோடு அவள், ஹெல்மெட் இல்லாமல் அவள். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாமே கலங்கல். துவாரம் இருபத்திரண்டிலேயே இருந்திருக்கிறது. அவ்வளவு சின்னத் துவாரத்துக்குச் சாயங்கால வெளிச்சம் எப்படிப் போதும்?

"இதுல நான் பறக்குத மாதிரி இருக்கேன், மைனி" என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் போட்டு, அலமாரிக் கண்ணாடியில் ஒட்டிவைத்தாள்.