தங்கைக்கு முகவாய் வைத்த கோடை

என் தங்கை பேசும்போது இடது கையை முகவாயின் மேல் வைத்துக்கொள்வாள். பார்ப்பவர்களுக்கு யோசிப்பது போலத் தெரியும். யோசனை ஒன்றும் கிடையாது, மறைப்பதுதான் வேலை. எங்கள் அப்பா வழியில் எல்லோருக்கும் முகவாய் சின்னது. கீழுதட்டுக்குக் கீழே முகம் சட்டென்று முடிந்து கழுத்து தொடங்கிவிடும். அப்பாவுக்கு அப்படி, நல்லூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு அப்படி, எனக்கும் அப்படி. நான் தாடி வைத்துக்கொண்டேன். அவளுக்குக் கைதான் கிடைத்தது.

விருத்தாசலத்தில் ஒரு தனியார் பள்ளியில் அவள் இரண்டாம் வகுப்பு டீச்சர். நான் அப்போது பாண்டிச்சேரியில் ஒரு பத்திரிகையின் செய்திப் பிரிவில் இருந்தேன். லீவில் வந்தபோது ஒரு மத்தியானம் அவளைக் கூட்டிவரப் பள்ளிக்குப் போய், வகுப்பு ஜன்னலோரம் நின்றேன். அவள் ஒரு கேள்வி கேட்டாள். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, இடது கையை முகவாயில் வைத்துக்கொண்டு பதில் சொன்னது. அடுத்து எழுந்த பையனும் அப்படியே. அதற்கடுத்த பெண்ணும். டீச்சரிடம் பேசும் முறை அதுதான் என்று குழந்தைகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது, "எப்பத்துலேர்ந்து இப்டி?" என்று கேட்டேன்.

"ஜூன்ல சேந்துச்சுங்க. ஜூலையிலயே கத்துக்கிச்சுங்க. வாய்ப்பாடுதான் இன்னும் வரல." தெரு முனை திரும்பியதும் சொன்னாள்: "பாண்டியில இதுக்கெல்லாம் டாக்டரு இருக்காங்களாமே. விசாரிச்சுச் சொல்லுண்ணா."

அவள் வீட்டுக்காரர் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சின்ன யூனிட் வைத்திருந்தார். மண்கூழை அச்சில் ஊற்றி, உறைந்ததும் அச்சைப் பிரித்து, ஈரப் பொம்மையை வெளியே எடுக்கும் வேலையை ஆட்களிடம் விடமாட்டார். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவளிடம், "எனக்கு இந்த மூஞ்சியே போதும்" என்றார்.

"ஒங்களுக்குப் போதும்," என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வாரம் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறும்போது அவள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறியவர் அவர்தான்.

டாக்டர் மேஜை டிராயரிலிருந்து முகவாயில் வைக்கும் துண்டை எடுத்துக் காட்டினார். சிலிக்கோன். வெள்ளையாக, நுங்குச் சுளை போல வழுவழுப்பாக, பிறை வடிவத்தில் இருந்தது. கீழுதட்டின் உள்பக்கம் கீறி, எலும்பை ஒட்டி ஒரு பை போல இடம் பண்ணி, இதை உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்களாம். வெளியே தழும்பு தெரியாது. தொழில் பழக்கத்தில் நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். நகருமா? சில பேருக்கு நகரும். சீழ் பிடிக்குமா? அபூர்வம், பிடித்தால் எடுத்துவிட வேண்டியதுதான். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பாடம் நடத்த முடியுமா சார்?"

"கொஞ்ச நாளைக்கு ஒதடு மரத்துப்போன மாதிரி இருக்கும்மா. ப, ம ரெண்டும் வழுக்கும். அனேகமா எல்லாருக்கும் சரியாயிடும். ஒண்ணு மட்டும் சொல்றேன். மொத வாரம் கண்ணாடியப் பாத்து எந்த முடிவுக்கும் வராதீங்க. அது ஒங்க மொகம் இல்ல, வீக்கம்."

மே மாத லீவில் செய்வதென்று முடிவானது. யாருக்கும் தெரியக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. மூளி அலங்காரி என்று பேசுவார்கள், பள்ளிக்கூடத்தில் தலை காட்ட முடியாது என்றாள். கடைவாய்ப் பல் பிடுங்கியதாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம்.

ஆபரேஷன் காலையில் தொடங்கி, கேன்டீனில் நாங்கள் இரண்டாவது டீ குடிப்பதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் முகவாயைச் சுற்றிப் பிளாஸ்திரிக் கட்டோடு காரில் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். நானும் ஒரு வாரம் லீவு போட்டு அங்கேயே இருந்தேன்.

பிறகு வந்த நாட்கள் டாக்டர் சொன்ன மாதிரியே போயின. சொன்னதை விட மெதுவாகப் போயின. தலையணையை உயர்த்தி வைத்து மல்லாந்துதான் படுக்க வேண்டும். ஐஸை ஈரத்துணியில் சுற்றி ஒற்ற வேண்டும். கரண்டு அடிக்கடி போனதால் ஃபிரிட்ஜில் ஐஸ் நிற்கவில்லை. வீட்டுக்காரர் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போய்க் கூல்டிரிங்ஸ் கடையில் வாங்கி வருவார். கஞ்சி, மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், எல்லாம் ஸ்பூனில்தான். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் தையலுக்கு ஆகாது. ஒவ்வொரு முறையும் மருந்துத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். உதட்டில் உணர்ச்சியில்லாததால் கஞ்சி ஓரத்தில் வழிவது அவளுக்குத் தெரியாது. அவர் துண்டு முனையால் துடைத்துவிடுவார். எதையும் சொல்லிக் காட்டாமல், ஈரப் பொம்மையில் அச்சு விட்ட கோட்டைத் துடைப்பது போல, விரலின் பலம் படாமல்.

வீக்கம் ஏறிக்கொண்டே போனது. டாக்டர் பேச்சைக் கேட்காமல் அவள் கண்ணாடி பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு அழுதாள். சுண்டைக்காயாக இருந்தது சுரைக்காயாகிவிட்டது என்று விரலால் காற்றில் வரைந்து காட்டினாள்.

"அச்சுலேர்ந்து எடுக்கறப்ப எல்லாம் பெருசாத்தான் இருக்கும்," என்றார் அவர். "சூளைக்குப் போயிட்டு வந்தா சுருங்கிடும்."

அவள் வெளியே கொளுத்தும் வெயிலைக் காட்டினாள். இதை விடச் சூளையா என்று அர்த்தம்.

வீக்கத்தைப் பல் வலி என்று சொல்லிவிடலாம். கன்றியதைச் சொல்ல முடியாது. கீழே இறங்கிய ரத்தம் முகவாயில் நீலமாகி, கழுத்தில் ஊதாவாகி, ஓரங்களில் மஞ்சள் பாய்ந்து நின்றது. பக்கத்து வீட்டு அக்கா கஞ்சிக்குத் துவையல் கொண்டுவந்தவர், வாசற்படியிலேயே நின்று பார்த்தார்.

"பல்லுதான புடுங்கினாங்க?"

தங்கை தலையாட்டினாள்.

"கழுத்துல பல்லு மொளைச்சிருந்துச்சா?" என்றார் அக்கா. திரும்பும்போது வீட்டுக்காரரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தார். துவையல் கிண்ணத்தை அவர் கையில் கொடுக்காமல் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே தெருவுக்குத் தெரிந்துவிட்டது: ஆள் பார்க்கத்தான் சாது, பொண்டாட்டி தாடையைப் பெயர்த்துவிட்டார். நானும் வீட்டுக்காரரும் டீக்கடைக்குள் நுழைந்தபோது பேச்சு நின்றது. டீக்கடைக்காரர் எனக்கு டீயைக் கையில் கொடுத்தார். அவருக்கு மேஜையில் வைத்தார். வைத்த வேகத்தில் பாதி தளும்பியது.

"நான் சொல்லிடறேன் மாப்ள," என்றேன் வெளியே வந்து.

"வுடுங்க மச்சான். தெரிய வேணாம்னு சொல்லியிருக்கா. ரெண்டு வாரம் பேசுவாங்க, அப்புறம் வேற எவனாவது மாட்டுவான்."

ஆனால் பேச்சு பஸ் ஏறி நல்லூர் வரை போய்விட்டது. இரண்டு நாள் கழித்து சித்தப்பா வந்தார். அப்பா போன பிறகு தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்தவர் அவர்தான். தங்கை உள்ளறையில் படுத்திருந்தாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்குத் தரும் மரியாதையை அவர் விடவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"ஒக்காருங்க மாப்ள. நல்லா இருக்கீங்களா? யூனிட்டு எல்லாம் நல்லா போவுதுங்களா?"

"போவுதுங்க மாமா."

"எம் பொண்ண எதுக்கு அடிச்சீங்க?"

நான் வாயைத் திறந்தேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

"குழம்புல உப்பு இல்லியா? எதுத்துப் பேசினாளா? என்னான்னு சொல்லுங்க, நாங்க திருந்திக்கிறோம். இப்ப பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீங்க நிதானமா யோசிச்சுட்டு வாங்க."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். "இனிமே ஆவாதுங்க மாமா," என்றார்.

உள்ளறைக் கட்டில் கிறீச்சிட்டது. தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நிலைவாசலில் நின்றாள். அதிகம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டுக்கு மேலே உதடு ஒரு பக்கமாகத்தான் அசைந்தது.

"அவுரு அடிக்கல சித்தப்பா." எச்சில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "நான்தான் தாவாக்கட்ட வச்சிக்கிட்டேன்."

"என்னாத்த வச்சிக்கிட்ட?"

"தாவாக்கட்ட. ஆபரேஷன் பண்ணி. பாண்டியில."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன். "அதெல்லாம் கடையில விக்கிறாங்களா?" என்று கேட்டார். அவர் கை தானாகத் தன் முகவாய்க்குப் போனது. நரைமுடி முளைத்த, எங்கள் எல்லோருக்கும் இருக்கிற அதே சின்ன முகவாய்.

"எங்க அண்ணனுக்கும் இப்டித்தான இருந்துச்சு," என்றார். "நல்லா இல்லியா அது?"

"அப்பாவுக்கு நல்லா இருந்துச்சு சித்தப்பா," என்றாள். ப வரவில்லை, காற்றுதான் வந்தது. "நான் கைய எடுத்துட்டுப் பேசணும்னு நெனச்சேன். அவ்ளோதான்."

இத்தனையும் சொல்லும்போது அவளுடைய இடது கை கதவு நிலையில் இருந்தது.

சித்தப்பா எழுந்து அவள் கழுத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "அடிக்காதவரு ஏன் மாப்ள அடிச்சேன்னு சொன்னீங்க?"

"அடிச்சேன்னு நான் எங்க சொன்னேன்? இனிமே ஆவாதுன்னுதான் சொன்னேன்."

"நல்லா சொன்னீங்க போங்க," என்றார் சித்தப்பா. கோபமா, சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. போகும்போது பக்கத்து வீட்டு வாசலில் நின்று, தெருக்கோடி வரை கேட்கும்படி அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனார்.

ரகசியம் அத்தோடு முடிந்தது. இருட்டுவதற்குள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். உள்ளே இருப்பது பிளாஸ்டிக்கா, ரப்பரா, குளிருக்கு வலிக்குமா, கேள்விகள் வந்தபடி இருந்தன. வீங்கிய முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் எல்லோருக்கும் காட்டினாள். பக்கத்து வீட்டு அக்கா, தங்கையின் வீட்டுக்காரரை நேராகப் பார்க்காமல் கிண்ணத்தை நீட்டினார். "தொவையலு. கையில வாங்கிக்கங்க."

வீட்டுக்காரர் டீ குடிக்கப் போனார். வழக்கத்தை விட நேரமாகியும் வரவில்லை. தங்கை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததும், என்ன சொன்னார்கள் என்று கண்ணால் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. டீயக் கையில குடுத்தாரு."

இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் தனியாக் கூப்பிட்டு, மூக்கு சப்பையா இருந்தா அதுக்கும் அங்க வைப்பாங்களான்னு கேட்டாரு. அவுரு மச்சினிச்சிக்காம். தன் மூக்கப் புடிச்சிக்கிட்டே கேக்கறாரு."

அவள் சிரித்துவிட்டாள். உதட்டின் ஒரு பாதி மேலே போனது. மறுபாதி இருந்த இடத்திலேயே இருந்தது. எச்சில் வழிந்தது.

"சிரிக்காத, தையலு பிரிஞ்சிடும்," என்று சொல்லிக்கொண்டே அவர் துண்டு முனையைத் தேடினார்.