அரிசி மாவுக் கோடு

காரைக்குடியில் செக்காலைப் பக்கம் போகும் ஆட்டோக்காரர்கள் இன்னமும் 'கேலரி' என்று சொல்லித்தான் ஆளை இறக்கிவிடுகிறார்கள். இறங்கிப் பார்த்தால் கேலரி கிடையாது, கண்ணாடி போட்ட ஜவுளிக்கடைதான் நிற்கிறது. கால்பந்து ஸ்டேடியத்தை இடித்துவிட்டார்கள். பெயரை இடிக்க முடியவில்லை.

யாரோ ஒரு செட்டியார் தன் வீட்டுக்குப் போக மிஞ்சிய பர்மா தேக்கில் கட்டிக் கொடுத்த கேலரி என்பார்கள். இடித்தபோது மரமெல்லாம் பழைய சாமான் கடைகளுக்குப் போயிற்று. எந்த ஓட்டலில் யாருக்கு ஊஞ்சலாக ஆடுகிறதோ! அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு ஜவுளிக்கடை மெல்லக் கரைந்துவிடும். செம்மண் தெரியும், சாயங்கால வெயில் தெரியும், தூசிக்குள் ஓடும் கால்கள் தெரியும். சேலை கட்டிய பொம்மைகளுக்கு நடுவே என் மாமா பந்துக்குப் பாய்வார்.

மாமா அம்மாவின் தம்பி, ஊர் அணியின் கோல்கீப்பர். எனக்கு ஒன்பது வயதில் பக்கத்து ஊர்க் கல்லல் அணியோடு இறுதி ஆட்டம் வந்தது. ரயில்வே வேலைக்கு விளையாட்டுக்காரர்களைப் பொறுக்க ஒருவர் வருகிறார், ஜெயிக்கிற அணியில்தான் ஆள் எடுப்பார் என்று பேச்சு. கிடைக்காவிட்டால் மாமா சிங்கப்பூருக்குக் கடை வேலைக்குப் போக வேண்டும் என்று தாத்தா சொல்லிவிட்டார். மாமா இல்லாத வீட்டை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

மைதானத்துக்குக் கோடு போடுவதும் மாமாதான். அன்று காலை கோல் கோட்டுக்கு மட்டும் சுண்ணாம்பு பற்றவில்லை; மிச்ச மூட்டை மழையில் நனைந்து கட்டியாகிவிட்டது. நான் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்கு ஓடி, அம்மாவின் கோலமாவு டப்பாவைத் தூக்கி வந்தேன். எங்கள் வீட்டில் கல்மாவு நுழையாது. "எறும்பு திங்காத மாவுல போட்டா அது கோலமா?" என்பாள் அம்மா. பச்சரிசி மாவுக் கோடு பளிச்சென்று விழுந்தது. மாமா என் மூக்கிலும் கொஞ்சம் தடவிவிட்டுச் சிரித்தார். ஊரே சாப்பிட்டுக் கண்ணயர்ந்த மத்தியானத்தில் எறும்பும் குருவியும் விருந்துண்டதை யாரும் பார்க்கவில்லை.

ஆட்டம் முடியப்போகும் நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. கல்லல்காரர் ஒருவர் அடித்த பந்தை மாமா பாய்ந்து பிடித்தார். நான் கோல் கம்பத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். பந்து கம்பத்தைத் தாண்டி ஒரு முழம் உள்ளே போன பிறகுதான் பிடித்தார். "கோல்! கோல்!" என்று கல்லல்காரர்கள் கத்த, நடுவர் ஓடிவந்து குனிந்து தேடினார். கோட்டைக் காணோம். மாமா அதற்குள் பந்தோடு எழுந்துவிட்டார்.

நடுவர் என் பக்கம் திரும்பினார். "தாயி, நீ கிட்டத்துலதான இருந்தே? பந்து உள்ள போச்சா?"

"சின்னப் புள்ளையவா கேக்குறீக?" என்று யாரோ சிரித்தார்கள்.

"போகல. சாமி சத்தியமா போகல" என்றேன்.

மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "போயிருச்சு சார், கோல்தான். புள்ள பயத்துல சொல்லுது" என்றார்.

அடுத்த மாதமே மாமா சிங்கப்பூருக்குப் புறப்பட்டார். ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனார்கள், நான் போகவில்லை. அவருக்காகச் சத்தியம் பண்ணிய என்னை ஊர் முன்னால் பொய்க்காரியாக்கியவரோடு எனக்கென்ன பேச்சு என்ற வீம்பு. அன்று அவர் அவ்வளவு நேரம் என்னைப் பார்த்தது, என்மேல் உள்ள கோபத்தில் என்றுதான் நினைத்திருந்தேன். பொய்ச் சத்தியம் என் தலையில் நிற்கக் கூடாதென்று அவர் வேலையை விட்டுக்கொடுத்தது அப்போது புரியவில்லை.