முதல் சுற்றுப் பியர்

ஜப்பானியக் குடிமுறையை எங்கள் வகுப்பில் கரைத்துக் குடித்தவன் ஜெயசுதன்தான். பருத்தித்துறைக்காரன். இழுவைப் படகுகள் மூன்றாம் முறையும் வலையை அறுத்துக்கொண்டு போன பிறகு கடலை விட்டு, நெல்லியடிக்கு மொழி படிக்க வந்தான். எங்களை வேலைக்கு எடுக்க வரவிருந்த, ஒசாக்காவில் மதுச்சாலை வைத்திருக்கும் முதலாளி முப்பத்திரண்டு வயதுக்கு மேல் ஆள் எடுப்பதில்லை. ஜெயசுதனுக்கு வருகிற மாதம் முப்பத்திரண்டு முடிகிறது.

வகுப்பெடுத்தவர் அங்கே ஆறு வருடம் வேலை செய்த அருட்செல்வன்.

"முதல் சுற்றுக்கு எல்லாரும் பியர் எண்டு சொல்லோணும். ஆளுக்கொண்டைக் கேட்டு மற்றவையைக் காக்க வைக்கக்கூடாது. எல்லாரும் கிளாசை உயர்த்திக் 'கன்பாய்' சொல்லுமட்டும் ஒருத்தரும் வாய் வைக்கப்படாது. தன்ரை கிளாசுக்குத் தானே ஊத்தவும் கூடாது."

"தனியப் போனா, சேர்?"

"தனியப் போனா உன்ரை தலைவிதி."

தண்ணீர்ப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்து ஊற்ற எனக்குப் பழக்கியவன் ஜெயசுதன். "சொட்டுச் சொட்டா விழுது மச்சான். பியர் ஊத்துறியோ, தீர்த்தம் குடுக்கிறியோ?"

முதலாளி வந்தார். யாழ்ப்பாணத்து ஹோட்டல் ஒன்றில் மத்தியானச் சாப்பாடு, அதுதான் நேர்முகம். நாங்கள் நான்கு பேர், மொழிபெயர்க்க அருட்செல்வன். முதலாளியே ஊற்றினார். ஜெயசுதன் கிளாசை இரண்டு கையாலும் ஏந்திய அழகைப் பார்த்துச் சிரித்தார். கன்பாய் சொல்ல எல்லோரும் கிளாசை உயர்த்தினோம்.

அப்போது கதவு திறந்தது. பொரித்த கணவாய்த் தட்டோடு கதிரவேலு. ஜெயசுதனின் பெரியப்பா, அங்கே சமையல். ஒருபோதும் குசினியை விட்டு வெளியே வராதவர், பெறாமகன் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டுத் தானே கொண்டுவந்தார்.

ஜெயசுதன் கிளாசை மேசைக்குக் கீழே ஒளித்து, எழுந்து நின்றான். கடற்கரையில் எங்களோடு குடிப்பவன்தான். பெரியப்பாவுக்கு முன்னால் கை கேட்கவில்லை.

"இரு தம்பி, இரு. சாப்பிடு."

பெரியப்பா அவசரமில்லாமல் ஆறுதலாகச் சாப்பாட்டுக் கோப்பைகளை அடுக்கினார். முதலாளி உயர்த்திய கையோடு காத்திருந்தார். அருட்செல்வன் காதோடு விளங்கப்படுத்தினார். முதலாளி தலையாட்டினார். கையை இறக்கினார்.

மூன்று பேர் தெரிவானோம். 'உறவினரைக் கண்டு கிளாசை ஒளிப்பவர், வாடிக்கையாளருக்கு எப்படிக் கொடுப்பார்?' என்று முதலாளி கேட்டாராம்.

பயணம் சொல்லப் போனபோது ஜெயசுதன் யாருடையதோ கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் பெரியப்பா.

"உங்களைப் போல இல்லையடா. நாலு பேர் குடிக்க இருந்த இடத்திலை, என்னைக் கண்டு எழும்பி நிண்டது என்ரை தம்பியின்ரை பெடியன் ஒருத்தன்தான். ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன்."

"ஓம் பெரியப்பா," என்றான் ஜெயசுதன்.

அவர் படலையைத் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு என்னிடம் சொன்னான்:

"ரெண்டு நிமிசம் பிந்தி வந்திருக்கலாம் மனிசன்."